காணாவிளைக்கு நான்கு பக்கம்

கைகள் ஒரு முழுத்தாளை நெடுக்காக மடித்தன. கட்டைவிரல் நகம் மடிப்பின்மேல் ஒருமுறை ஓடியது. பிறகு குறுக்காக மடித்து, மறுபடியும் நகம் ஓடியது. விரித்தபோது வெள்ளைத்தாளில் ஒரு கூட்டல் குறி விழுந்திருந்தது. துறைமுகத்துப் பக்கமிருந்து காற்றோடு வரும் நிலக்கரித் தூள் அதற்குள் தாளில் சில புள்ளிகள் வைத்துவிட்டது. இடதுகை அதைத் தேய்க்காமல் தட்டிவிட்டது. தேய்த்தால் கறை படியும் என்று அந்தக் கைக்குத் தெரியும். வலதுகை பேனாவை எடுத்துத் தாளின் மேல்விளிம்பில் எழுதியது: வண்டிப்பாதை. கீழ்விளிம்பில்: ஓடை. இடப்பக்கம்: முருங்கைத் தோட்டம். வலப்பக்கம்: நல்லக்கண்ணு பனங்காடு.

நடுவில் எதுவும் எழுதவில்லை. அது கடைசியில்தான்.

பத்திரம் எழுதுகிற எல்லோரும் இப்படித் தாளை மடிப்பதில்லை. இந்துமதி மடிப்பாள். ஒரு நிலம் எங்கே இருக்கிறது என்று பத்திரத்தில் நேராகச் சொல்ல வழி கிடையாது. இன்னாருடைய காட்டுக்கு மேற்கு, இன்னாருடைய தோட்டத்துக்குக் கிழக்கு, பாதைக்குத் தெற்கு, ஓடைக்கு வடக்கு என்று பக்கத்தில் இருப்பவர்களை வைத்துத்தான் சொல்ல வேண்டும். சர்வே எண் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. எண் உட்பிரிவாகும், தட்டச்சில் பிசகும். நான்கு பக்கமும் சரியாக நின்றால் நடுவில் இருப்பதை எவரும் அசைக்க முடியாது. அதனால் அவள் முதலில் நான்கு பக்கத்தையும் எழுதுவாள். அவற்றுக்கு நடுவே மிச்சம் விழுவதுதான் நிலம்.

அன்றைக்கு அவள் எழுதிக்கொண்டிருந்த நிலத்துக்கு ஒரு விசேஷம் இருந்தது. அது எங்கேயும் இல்லை.

சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர்வரிசையில் தகரக் கூரை போட்ட அறைகள் உண்டு. அதில் வேப்பமரத்தை ஒட்டிய அறை இந்துமதியுடையது. உரிமம் பெற்ற ஆவண எழுத்தர் என்று பலகை தொங்கும். கணவர் துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்டிடம் வேலை பார்க்கிறார். கப்பல் வந்தால் வீட்டில் இருக்க மாட்டார், கப்பல் வராவிட்டால் தூங்குவார். பக்கத்து அறையில் ஜெராக்ஸ் போடும் அல்போன்சா புன்னைக்காயல்காரி. இரண்டு அறைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். இங்கன தும்மினால் அங்கன சேசுவே என்று சத்தம் வரும்.

இல்லாத நிலத்தைக் கேட்டு வந்தது ஜெனிலா. சாயர்புரத்துப் பெண், சட்டக் கல்லூரியில் சொத்துச் சட்டம் நடத்துகிறாள். தன் அப்பாவின் வீட்டுப் பத்திரத்துக்காக ஒருமுறை இந்துமதியிடம் வந்து பழக்கம்.

"அக்கா, எங்க புத்தகத்துல எல்லா உதாரணத்துக்கும் ஒரே நிலந்தான். பிளாக் ஏக்கர். அதை வித்துட்டா அடுத்தது ஒயிட் ஏக்கர். என்னைக்கோ இங்கிலாந்துல வச்ச பேரு. நான் போர்டுல எழுதுனா ஒரு பிள்ள எந்திரிச்சு, மேடம் அது எந்தத் தாலுகான்னு கேக்குது."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"உக்காருன்னு சொன்னேன். வேற என்ன சொல்ல? விக்கிறவன் ஏ, வாங்குறவன் பி. பிள்ளைங்களுக்கு மனசுல நிக்கவே மாட்டேங்குது. நம்ம ஊர்ப் பத்திரம் மாதிரியே ஒரு நிலத்தை வச்சு எனக்கு எழுதித் தாங்க. ஒரு கிரயம், ஒரு செட்டில்மென்ட், ஒரு விடுதலை. நிலம் ஒண்ணுதான். ஆனா அப்படி ஒரு நிலம் இருக்கவே கூடாது. நாளைக்கு எவனாவது அது எங்க நிலம்னு வந்தா என் வேலை போயிரும், உங்க உரிமமும் போயிரும்."

இந்துமதிக்கு வேலை பிடித்திருந்தது. முதலில் பெயர். கருப்பேக்கர் என்று சொல்லிப் பார்த்தாள், ஏதோ வட்டிக்காரன் பெயர் மாதிரி இருந்தது. இந்தப் பக்கத்தில் நிலம் என்றால் விளை என்று முடிந்தால்தான் நிலமாகக் காதில் விழும். யாரும் கண்டிராத விளை, ஆகவே காணாவிளை. பதிவுத்துறை இணையதளத்தில் தேடினாள். அப்படி ஒரு கிராமம் வரவில்லை. பிறகு ஆட்கள். ஏ, பி என்று எழுத அவளுக்குக் கை வரவில்லை. தகப்பன் பெயர் இல்லாத ஆள் பத்திரத்தில் எப்படி நிற்பான்? அதனால் காணாவிளையின் சொந்தக்காரருக்கு உலகநாதன் என்று பெயர் வைத்தாள். அவர் அப்பாவுக்கும் ஒரு பெயர் வைத்தாள். உலகநாதன் இறந்தால் நிலம் யாருக்கு என்று கேட்பார்களே என்று, ஒரு மனைவியையும் மகனையும் மகளையும் கொடுத்தாள்.

மகளுக்குப் பெயர் மட்டும் உடனே வரவில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. மேசையின் இன்னொரு மூலையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதில் அவளுடைய சொந்த அப்பாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, நிலத்தின் மூலப்பத்திரம். தம்பி லிங்கராஜ் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனது. சாயர்புரம் போகிற வழியில் அப்பா வாங்கிய புன்செய்க் காடு அது. உயில் எழுதாமல் போய்விட்டார். அம்மா சீனித்தாய்க்கு ஒரு பங்கு, லிங்கராஜுக்கு ஒரு பங்கு, இந்துமதிக்கு ஒரு பங்கு. இப்போது கன்டெய்னர் நிறுத்த இடம் தேடி ஒரு பார்ட்டி அதைக் கேட்கிறது. அக்காள் தன் பங்கை விட்டு எழுதிக் கொடுத்தால் கிரயம் முடித்துக்கொள்ளலாம் என்கிறது. லிங்கராஜின் டைல்ஸ் கடை, பைபாஸ் வந்தபிறகு ஈயாடுகிறது. அவனுக்கு அந்தக் கிரயம் வேண்டும்.

"நீயே எழுதிருக்கா," என்றிருந்தான்.

அந்த வரிசையில் ஒரு வழக்கம் உண்டு. எழுத்தர் யாரும் தனக்கான பத்திரத்தைத் தானே எழுத மாட்டார்கள். பக்கத்து அறைக்காரர் எழுதிக் கொடுப்பார், டீ மட்டும் வாங்கிக் குடிப்பார். தன் பங்கு என்று வரும்போது கை ஒன்று கூட்டும் அல்லது ஒன்று குறைக்கும் என்பது அவர்கள் கணக்கு. இந்துமதி அதைச் சொல்லிப் பார்த்தாள்.

"வழக்கமாவது ஒண்ணாவது. அடுத்தவன் எழுதுனா உங்க வரிசை பூரா பேசும்லா, லிங்கராஜ் அக்கா சொத்தை எழுதி வாங்கிட்டான்னு. நீயே எழுதுனா நீயா குடுத்ததுன்னு ஆகும். வெள்ளிக்கிழமை வாரேன்."

அவன் சொன்னதில் பொய் இல்லை. நீயா குடுத்தது என்று ஆவதுதான் அவனுக்கும் வேண்டும், அம்மாவுக்கும் வேண்டும். நகை போட்டு அனுப்பியாயிற்று, அப்பா படுக்கையில் கிடந்தபோது பார்த்தது தம்பி, அக்காள் விட்டுக்கொடுத்தால் அழகு. இந்துமதிக்கும் இதற்கெல்லாம் மறுப்பு இல்லை. ஆனாலும் அந்த உறையை அவள் திறக்கவில்லை. காலையில் வந்ததும் அதை எடுத்துத் துடைப்பாள், வேறு மூலையில் வைப்பாள். மத்தியானம் அது கண்ணில் பட்டால் எழுந்து வாசல்வரை போய், வரிசையாக நிற்கும் லாரிகளைப் பார்த்துவிட்டு, எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்புவாள்.

"ஏளா இந்து, உனக்குக் கால்ல சக்கரமா?" என்று தடுப்புக்கு அப்பால் அல்போன்சா கேட்பாள். "உன் நடையைப் பாத்து என் மிசினே சூடாவுது."

காணாவிளையின் முதல் வரைவை வாங்கிப் பார்க்க ஜெனிலா வந்தாள். கிரயப் பத்திரத்தை நின்றபடியே வாசித்தாள். சொத்து விவரம் எழுதும் கடைசிப் பகுதிக்கு வந்ததும் உட்கார்ந்தாள்.

"அக்கா, இந்த நல்லக்கண்ணு யாரு?"

"சும்மா ஒரு பேரு. பக்கத்து நிலத்துக்காரர்."

"வண்டிப்பாதைக்குத் தெற்கு, ஓடைக்கு வடக்கு, நல்லக்கண்ணு பனங்காட்டுக்கு மேற்கு, முருங்கைத் தோட்டத்துக்குக் கிழக்கு." அவள் தலையைத் தூக்கினாள். "எங்க ஊருக்குப் போற வழியில, ஓடைப் பாலம் தாண்டி இடதுகைப் பக்கம். நல்லக்கண்ணு தாத்தா பனங்காடு இன்னும் அங்கனதான நிக்குது? நான் பஸ்ல தினமும் அதைத் தாண்டித்தான் வாரேன். உங்க காணாவிளையை நான் காலையிலதான் கண்டேன்."

ஜெனிலா சிரித்தாள். இந்துமதி சிரிக்கவில்லை. தாளை வாங்கிப் பார்த்தாள். அப்பாவின் மூலப்பத்திரத்தில் உள்ள நான்கு பக்கம், வரிசை கூட மாறாமல், அவள் கையெழுத்தில் இருந்தது. எழுதும்போது ஒரு இடத்திலும் பேனா நிற்கவில்லை என்று சந்தோஷப்பட்டது நினைவுக்கு வந்தது. அது நிற்காததற்கு இதுதான் காரணம். மற்றவர்களுக்கு எழுத்துப்பிழை வரும், எண்பிழை வரும். எழுத்தருக்கு வருகிற பிழை இந்த மாதிரி. கையைச் சும்மா விட்டால் அது தனக்குத் தெரிந்த நிலத்துக்குப் போய்விடும்.

"மாத்திருதேன்," என்றாள்.

"மாத்துங்க. அப்புறம் இன்னொண்ணு. விடுதலைப் பத்திரத்துல மக தன் பங்கை அண்ணனுக்கு விட்டுக்குடுக்கால்லா? ஏன் குடுத்தான்னு ஒரு வரி சேருங்க. என் கிளாஸ்ல கட்டாயம் கேப்பாங்க."

"ஏன்னு பத்திரத்துல எழுத வேண்டியது இல்லயே. அன்பினாலும் பாசத்தினாலும் மனப்பூர்வமாக, எவருடைய தூண்டுதலும் இல்லாமல். அது போதும்."

"சட்டத்துக்குப் போதும். எனக்குப் பாடம் நடத்தணும். ஒரு பொண்ணு தன் பங்கை விடுதான்னா அவ கையில பதிலுக்கு ஒண்ணு இருக்கணும், இல்ல மனசுல ஒண்ணு இருக்கணும். ரெண்டும் இல்லன்னா நாளைக்குக் கோர்ட்ல வந்து என்னை மிரட்டி வாங்குனாங்கம்பா. அந்த வழக்கும் நான் நடத்தணும்ல." ஜெனிலா பையை எடுத்துக்கொண்டாள். "நல்ல காரணமா யோசிங்க. உங்களுக்குத் தெரியாததா?"

எத்தனை விடுதலைப் பத்திரம் எழுதியிருப்பாள். எதிரே பெண்கள் வந்து உட்காருவார்கள். கூடவே அண்ணனோ தம்பியோ நிற்பான், மோட்டார் சைக்கிள் சாவியைச் சுழற்றிக்கொண்டு. அவள் தலை நிமிராமல் கேட்பாள்: பெயர், கணவர் பெயர், வயது. ஏன் என்று ஒருத்தியிடமும் கேட்டதில்லை. கேட்கிற பழக்கம் அந்த வரிசையிலேயே இல்லை.

அன்று பிற்பகல் புதுத் தாளை மடித்தாள். நகத்தால் கீறினாள். வடக்கே என்ன போடுவது? பள்ளிக்கூடம் என்று எழுதினாள், அது அவள் படித்த பள்ளிக்கூடத்தின் மதிலாகக் கண்ணில் வந்து நின்றது. அடித்தாள். உப்பளம் என்று எழுதினாள். பழைய காயல் பக்கத்து உப்பளம் ஒன்று உடனே பாத்தியும் வரப்புமாக வந்தது. அதையும் அடித்தாள். தாளைக் கசக்கினாள். எழுந்து வாசல்வரை போனாள்.

"அங்கன என்னளா கிழிக்க?" அல்போன்சா எட்டிப் பார்த்தாள். விஷயத்தைக் கேட்டதும் ஜெராக்ஸ் மிஷினை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டாள். "இவ்வளவுதானா? நிலத்தைக் கடல்ல போடு."

"கடல்லயா?"

"பார் கேள்விப்பட்டதில்ல? முத்துச்சிப்பி கிடக்குமே, அந்தப் பாறை. ஒவ்வொரு பாருக்கும் பேரு உண்டு. எங்க சித்தப்பா கண்ணை மூடிட்டுச் சொல்லுவாவ. கோயில் கோபுரமும் ஒத்தப் பனையும் நேரா நின்னா இந்தப் பாரு, கோபுரத்துக்குத் தெக்க பனை விலகுனா அடுத்த பாரு. பேரு இருக்கு, இடம் இருக்கு, பட்டா கிடையாது. உனக்கு அதுதான வேணும்?"

இந்துமதிக்கு ஆசை வந்தது. தாளை மடித்தாள். கடலுக்குத் தெற்கு. கடலுக்கு வடக்கு. கடலுக்கு மேற்கு. நான்காவதைப் போடும்முன்பே அல்போன்சா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"சிரிக்காத. பக்கத்துல ஆள் இல்லாம நிலம் நிக்காது."

"அப்பம் மீனைப் போடு. வடக்கே வஞ்சிரம், தெக்கே சாளை. சாளை சாட்சிக் கையெழுத்துப் போடும்." அவள் எழுந்து போகும்போது திரும்பினாள். "உனக்கு நிலம் இல்ல பிரச்சனை. அந்த உறை. நீ அதை மூலை மூலையா இடம் மாத்துறதை நான் பாத்துட்டுதான் இருக்கேன்."

வியாழக்கிழமை காலையில் இந்துமதி அறையைத் திறக்கவில்லை. பழைய பேருந்து நிலையத்தில் சாயர்புரம் பஸ்ஸில் ஏறினாள். எதற்கு என்று யாராவது கேட்டிருந்தால், ஜெனிலாவின் வேலைக்காக, எந்த நிலத்தைத் தவிர்க்க வேண்டும் என்று பார்க்கப் போகிறேன் என்று சொல்லியிருப்பாள். ஓடைப் பாலம் தாண்டி இறங்கினாள். வண்டிப்பாதை இப்போது தார் ரோடாகியிருந்தது. பத்திரத்தில் மட்டும் இன்னும் வண்டிப்பாதை. நல்லக்கண்ணு பனங்காட்டில் பனைகள் இருந்தன, நல்லக்கண்ணு இறந்து நாளாயிற்று. பத்திரத்தில் மட்டும் அவர் இன்னும் கிழக்கே உயிரோடு இருந்தார்.

நடுவில் அப்பாவின் காடு. உடைமுள்ளும் கிணறும். அவள் உள்ளே போகவில்லை, ஓரத்தில் நின்றாள். வெயில் ஏறியது. ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றாள்.

மேற்கே முருங்கைத் தோட்டத்திலிருந்து ஒரு பெண் மண்வெட்டியோடு வந்தாள். ஆறுமுகத்தாய், தோட்டத்துக்குச் சொந்தக்காரி. இந்துமதி அவளைக் கல்யாணத்துக்கு முன்பு பார்த்தது.

"யாரு, லிங்கராஜ் அக்காவா? தூத்துக்குடில பத்திரம் எழுதுறவதான?"

"ஆமா மதினி."

"நீ விட்டுக்குடுத்துட்டேன்னு உங்கம்மை சொன்னாவளே."

"இன்னும் இல்ல."

ஆறுமுகத்தாய் மண்வெட்டியை ஊன்றினாள். "கன்டெய்னர்க்காரன் வாரானாம். சுத்தி மதில் எழுப்புவானாம். அவன்கிட்ட நான் என்னத்தைப் பேச? உங்க அய்யா இருந்தாவ, என் மாடு உள்ள பூந்தா வரப்புல நின்னு என்னை ஏசுவாவ. அவுக ஆடு என் கொழுந்தைத் தின்னா நான் ஏசுவேன். சாயங்காலம் கிணத்துல தண்ணி எடுத்துக்கம்பாவ. மதில்கிட்ட போயி யாரு ஏச?" அவள் இந்துமதியை ஏற இறங்கப் பார்த்தாள். "இந்தப் பக்கத்தை நீ வச்சிருந்தாலும் நல்லதுதான். உன்னை ஏசலாம். உன் மூஞ்சி உங்க அய்யா மாதிரியே இருக்கு, ஏசுறதுக்கு வாட்டமா."

இந்துமதிக்குச் சிரிப்பு வந்தது. பஸ்ஸில் திரும்பும்போதுதான் அது அடங்கி, வேறொன்று மேலே வந்தது. இந்த மாவட்டத்தில் எத்தனையோ பேருடைய நான்கு பக்கத்தை அவள் எழுதியிருக்கிறாள். யாருடைய பத்திரத்திலும், எந்தப் பக்கத்திலும், அவள் பெயர் வந்ததில்லை. அவள் யாருக்கும் கிழக்கே இல்லை, யாருக்கும் மேற்கே இல்லை. வாடகை வீடு, வாடகை அறை. பதிவு அலுவலகத்தில் எழுத்தர் என்று கீழே போடுகிற கையெழுத்து எந்த நிலத்தையும் தொடாத இடத்தில் நிற்கிறது. அன்பினாலும் பாசத்தினாலும் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் இனி எப்போதும் அப்படித்தான்.

இதுதான் அவளைக் குடைந்தது. நிலத்தின் விலை இல்லை, தம்பிமேல் கோபமும் இல்லை. காரணம் தெரிந்ததும் நிம்மதி வரும் என்பார்கள். அவளுக்கு வரவில்லை, படபடப்புத்தான் கூடியது. தெரியாதவரை தள்ளிப்போடலாம். தெரிந்தபிறகு வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாகவே வந்துவிடும்.

அறைக்கு வந்து, உறையைத் திறக்காமல், முதலில் காணாவிளையை எடுத்தாள். இந்தமுறை கை ஓடவிடவில்லை. ஒவ்வொரு பக்கத்துக்கும் மனசுக்குள் ஒரு ஆளை உட்காரவைத்து விசாரித்தாள். வடக்கே ஒரு சங்கு அறுக்கும் பட்டறை, அதன் சொந்தக்காரர் பெயர் என்ன, அவர் அப்பா பெயர் என்ன. தெற்கே ஒரு செங்கல் சூளை. கிழக்கே ஒரு விதவையின் புளியந்தோப்பு. மேற்கே ஊர்ப் பொதுத் தரிசு. இந்த நான்கும் ஒருசேர இருக்கிற இடம் அவள் அறிந்தவரை எங்கேயும் இல்லை. அல்போன்சாவையும் கூப்பிட்டு வாசித்துக் காட்டினாள்.

"எங்கயும் பாத்த மாதிரி இல்ல," என்றாள் அல்போன்சா. "ஆனா அந்தத் தோப்புக்காரி புளி நல்லா விப்பா போலுக்கே."

கிரயம் எழுதினாள். செட்டில்மென்ட் எழுதினாள். விடுதலைப் பத்திரத்தில் உலகநாதனின் மகளுக்கு மரகதம் என்று ஒருவழியாகப் பெயர் வைத்தாள். ஜெனிலா கேட்ட காரணத்தை எழுத வேண்டிய இடம் வந்தது. மரகதம் வெளிநாடு போகிறாள் என்று எழுதிப் பார்த்தாள். மரகதத்துக்கு அண்ணன் வேறொரு வீடு வாங்கித் தருகிறான் என்று எழுதிப் பார்த்தாள். இரண்டும் சரியான காரணங்கள்தான், மாணவர்கள் ஏற்றுக்கொள்வார்கள். வீடு வாங்கித் தருவதை வைத்துக்கொண்டாள். விட்டால் கையில் ஒன்று இருக்க வேண்டும் என்று ஜெனிலா சொன்னது சரி. பிறகு, ஜெனிலா கேட்காத இன்னொரு பத்திரத்தையும் எழுதினாள். அதே உலகநாதன், அதே மனைவி, மகன், மகள். மரகதம் விட்டுக்கொடுக்காமல் இருந்திருந்தால் எப்படி என்று ஒரு பாகப்பிரிவினை. காணாவிளையை மூன்று துண்டாகப் பிரித்தாள். பிரித்ததும் பார்த்தாள், நடுத்துண்டு மகனுக்கு, அதற்கு ஒரு பக்கம் அம்மா, மறுபக்கம் மகள். மகனுடைய பாகம் எங்கே இருக்கிறது என்று சொல்ல மகள் பெயரைச் சொல்லாமல் முடியாது.

பேனாவை வைத்தாள். எழுந்து நடக்கவில்லை. உறையைத் திறந்தாள்.

வெள்ளிக்கிழமை முற்பகலில் ஜெனிலா வந்து நான்கு பத்திரங்களையும் வாசித்தாள். எங்கேயோ ஒரு இடத்தில் நிறுத்தி, "சூளை தெக்க இருந்தா காத்துக்குப் புகை பூரா இவங்க நிலத்துல விழும். அதுக்கு ஒரு வழக்கு வச்சுக்கிடுதேன்," என்றாள். பாகப்பிரிவினையைப் பார்த்ததும் புருவம் ஏறியது. "இது நான் கேக்கலயே."

"வேண்டாம்னா வச்சுட்டுப் போங்க."

"வச்சுட்டுப் போறதா? இதைத்தான் முதல்ல நடத்துவேன்." அவள் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு போனாள்.

லிங்கராஜ் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே வந்துவிட்டான். வெயிலில் முகம் கறுத்து, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"முடிஞ்சிட்டாக்கா? பார்ட்டி போன் மேல போன் போடுதான்."

இந்துமதி மடித்த தாளை மட்டும் எடுத்து அவன் பக்கமாகத் திருப்பி வைத்தாள். மேலே வண்டிப்பாதை, கீழே ஓடை. நடுவில் இரண்டு கோடு போட்டு மூன்று துண்டு. கிழக்கே அம்மை, நடுவில் லிங்கராஜ், மேற்கே இந்துமதி.

அவன் பார்த்தான். முதலில் புரியவில்லை. புரிந்ததும் தாளைத் தொடவில்லை.

"இதென்னது?"

"பாகப்பிரிவினை."

"விடுதலைல்லா எழுதச் சொன்னேன்."

"சொன்ன. எனக்கு எழுத வரல."

"உனக்கா எழுத வரல? ஊரு பூராத்துக்கும் எழுதுத." அவன் குரல் ஏறியது. தடுப்புக்கு அப்பால் ஜெராக்ஸ் மிஷின் சத்தம் நின்றது. அவன் குரலை இறக்கினான். "அப்பாவைத் தூக்கிட்டு ஆசுபத்திரி ஆசுபத்திரியா அலைஞ்சது யாருக்கா?"

"நீதான். நான் இல்லங்கல. அதான் கிணறு உன் பாகத்துல விழுற மாதிரி கோடு போட்டிருக்கேன். பாத்தியா?"

அவன் பார்த்தான். கிணற்றுக்கு அவள் ஒரு சின்ன வட்டம் போட்டிருந்தாள். கோடு அதற்காகக் கொஞ்சம் மேற்கே ஒதுங்கிப் போயிருந்தது, அவள் பங்குக்குள் வளைந்து.

"மொத்தமாத்தான் கேக்கான் அவன்."

"உன்னதையும் அம்மையதையும் நீங்க குடுத்தா நான் தடுக்கல. மொத்தமா வேணும்னா என்கிட்டயும் வந்து கேக்கச் சொல்லு."

"கேட்டா குடுப்பியா?"

"தெரியாது. முதல்ல கேக்கட்டும்."

லிங்கராஜ் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். முகத்தைத் துடைத்தான். வெளியே லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே நகர்ந்தது. இந்துமதி தட்டச்சு செய்த தாள்களை எடுத்து அடுக்கி, மேசையில் தட்டி ஓரத்தை நேராக்கினாள். நேரான பிறகும் இன்னொருமுறை தட்டினாள்.

"அம்மைகிட்ட என்ன சொல்ல?" என்றான் அவன்.

"நானே வந்து சொல்லுதேன். நீ முதல்ல உன் பக்கத்தை வாசி. தப்பு இருந்தா சொல்லு. எழுதுனது யாருங்குற இடத்தைக் காலியா விட்டிருக்கேன். என் பத்திரத்துல நான் எழுத்தரா நிக்க முடியாது. இந்த வரிசையில உனக்குப் பிடிச்ச ஆள்கிட்ட குடுத்துச் சரிபாத்து, அவரு பேரைப் போட்டுக்க."

அவன் கை நீட்டவில்லை. குனிந்து, அவள் பிடித்திருந்த தாளிலேயே தன் பாகத்தைத் தேடினான். கடைக்காரன் பில் பார்ப்பதுபோல விரலை வைத்து, உதடசைத்து வாசித்தான். வண்டிப்பாதைக்குத் தெற்கு. ஓடைக்கு வடக்கு. சீனித்தாய் பாகத்துக்கு மேற்கு.

அடுத்த வரியில் விரல் நின்றது. அதை மட்டும் வாய்விட்டு வாசித்தான்.

"இந்துமதி பாகத்துக்குக் கிழக்கு."

"ஆமா," என்றாள். "அங்கனதான் நீ இருக்க."

இந்துமதி தாள்களின்மேல் விழுந்திருந்த கரித்தூளைத் தேய்க்காமல் தட்டிவிட்டு, ஸ்டேப்ளர் போட்டு, மடித்த தாளையும் அதற்குமேல் வைத்து நீட்டினாள். லிங்கராஜ் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினான்.